ஒன்பது கோயில்களும் செட்டிநாட்டுக் குடிவழியும்

வெள்ளாற்றுக்குத் தெற்கு, வைகைக்கு வடக்கு, கடலுக்கு மேற்கு, பிரான்மலைக்குக் கிழக்கு: செட்டிநாட்டுக்கு முதியோர் வகுத்துக் கூறும் நாற்பால் எல்லை இது. மழை குறைந்த செம்மண் பூமி. பேராறு எதுவும் ஊடே பாய்வதில்லை. ஊருணியும் கண்மாயுமே மக்களுக்குக் கதி. இவ்வெல்லைக்குள் முன்னாளில் 96 ஊர்களில் நகரத்தார் வாழ்ந்தனர் என்பது வழக்கு. இன்று அவர்தம் வீடும் கோயிலும் நிலைபெற்ற ஊர்கள் எழுபத்தைந்தை ஒட்டியவை. காரைக்குடியையும் தேவகோட்டையையும் நீக்கிவிட்டால் எஞ்சியவை பெரும்பாலும் சிற்றூர்களே. எனினும், தெருவுக்குத் தெரு கோட்டை போன்ற வீடுகளை எழுப்பி, இரங்கூன் முதல் சைகோன் வரை பணத்தை நடமாட விட்டவர்கள் இச்சிற்றூர்க்காரர்கள்தாம்.

ஆட்சி முறையில் பார்த்தால், செட்டிநாடு என்று ஒரு மாவட்டமோ வட்டமோ இருந்ததில்லை. அதன் ஊர்கள் சில இராமநாதபுரம் சமீனிலும், சில சிவகங்கைச் சமீனிலும் அடங்கியிருந்தன. இராயவரம், அரிமளம், கோனாபட்டு, விராச்சிலை முதலியவை புதுக்கோட்டைத் தொண்டைமான் அரசில் இருந்தன. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தது. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. 1985இல் சிவகங்கை பிரிந்தது. ஒரு குடும்பத்தின் பழைய பத்திரங்களைத் தேடப் புகுவோர், மகனின் ஊருக்கு ஓர் அரசின் ஆவணங்களையும் மருமகளின் ஊருக்கு மற்றோர் அரசின் ஆவணங்களையும் புரட்ட வேண்டியிருப்பது இதனாலேயே. அரசுகள் பிரித்து வைத்த இந்த நாட்டை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தது வேறொன்று. அதுதான் ஒன்பது கோயில்களின் புள்ளிக் கணக்கு.

இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பதும் நகரக் கோயில்கள். நகரத்தார் ஒவ்வொருவரும் இவற்றுள் ஏதேனும் ஒன்றைச் சார்ந்தவர். எந்த ஊரில் வீடு கட்டியிருந்தாலும், எந்தக் கடல் கடந்து போயிருந்தாலும், கோயில் மாறுவதில்லை. ஒரு கோயிலார் தமக்குள் பங்காளிகள். ஆதலின் ஒரே கோயிலுக்குள் மணவினை இல்லை. இளையாற்றங்குடி, மாத்தூர் என்ற இரண்டில் மட்டும் உட்பிரிவு பார்த்து விலக்கு உண்டு. பிள்ளையார்பட்டியாரும் இரணியூராரும் வெவ்வேறு கோயிலாராயினும் உடன்பிறந்தார் முறையினர். அவர்கள் பெண் கொண்டு பெண் கொடுப்பதில்லை. ஆகவே, ‘நீங்கள் எந்தக் கோயில்?’ என்னும் கேள்வி செட்டிநாட்டில் பக்தியைப் பற்றிய விசாரணையன்று. எதிரே நிற்பவர் பங்காளியா, சம்பந்தம் செய்யத் தக்கவரா என்று அறிவதற்கான முதற்கேள்வி அது.

உட்பிரிவுகளின் பெயர்கள் ஊர்ப்பெயர் ஆராய்வார்க்கு நல்விருந்து. இளையாற்றங்குடிக்கு ஏழு பிரிவு: ஒக்கூருடையார், பட்டணசாமியார், பெருமருதூருடையார், கழனிவாசற்குடியார், கிங்கிணிக்கூருடையார், பேரசெந்தூருடையார், சிறுசேத்தூருடையார். மாத்தூருக்கும் ஏழு: உறையூர், அரும்பாக்கூர், மணலூர், மண்ணூர், கண்ணூர், கருப்பூர், குளத்தூர். இவற்றுள் சில இன்றும் வழங்கும் ஊர்ப்பெயர்கள். சில, குடிப்பெயரில் மட்டும் உயிரோடிருப்பவை. ஒக்கூர் என்றதும் தமிழாசிரியர்க்கு ஒக்கூர் மாசாத்தியார் நினைவு வருதல் இயல்பு. சிவகங்கைப் பக்கத்து ஒக்கூரே அப்புலவர் பிறந்த ஊர் எனக் கொள்வாரும் உளர். ஆனால் அதைக் கொண்டு மாசாத்தியாரை இன்றைய ஒக்கூருடையார்க்குப் பாட்டியாக்கி விடுதல் ஆராய்ச்சியாகாது. ஊர்ப்பெயர் ஒன்றாயிருப்பது குருதி ஒன்றாயிருப்பதற்குச் சான்றாகுமா?

மரபும் கல்வெட்டும்

நகரத்தார் தம் வரலாற்றைத் தாமே சொல்லும் முறை ஒன்றுண்டு. அவர்கள் தொண்டை நாட்டுக் காஞ்சியிலிருந்து காவிரிப்பூம்பட்டினம் வந்தனர். அங்கே பூவந்திச் சோழன் என்பவன் அவர்கள் பெண்களைச் சிறை செய்ய, குடும்பங்கள் யாவும் உயிர் நீத்தன. குருவினிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த 1,502 சிறுவர் மட்டும் எஞ்சினர். அவர்கள் வளர்ந்து வேளாளர் குலப் பெண்களை மணந்தனர். பின்னர்ப் பாண்டிய நாடு புகுந்து, கலியுகம் 3808, அதாவது கி.பி. 707இல் இளையாற்றங்குடிக் கோயிலைப் பெற்றனர். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஏனைய கோயில்கள் பிரிந்தன. இதுவே அம்மரபின் சுருக்கம்.

இதை அப்படியே வரலாறாகக் கொள்வதும், கட்டுக்கதை என்று கையால் தள்ளுவதும் ஒருசேரத் தவறு. பூவந்திச் சோழன் என்னும் பெயர் கல்வெட்டால் அறியப்பட்ட சோழர் வரிசையில் இல்லை. 707 என்ற ஆண்டை உறுதிசெய்யும் கல்வெட்டும் இல்லை. ஆனால் நகரத்தாரின் திருமண ஆவணத்தில் கோயிலைக் குறிக்கும் பழைய வாய்பாட்டை நோக்குக. ‘இளையாற்றங்குடியான குலசேகரபுரம்’, ‘மாத்தூரான வீரபாண்டியபுரம்’ என்று ஊர்கள் இரட்டைப் பெயரால் எழுதப்படுகின்றன. குலசேகரன், வீரபாண்டியன் என்பன 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஆண்ட பாண்டியர்க்குப் பெருவழக்காயிருந்த பெயர்கள். ஊருக்கு அரசன் பெயரால் மறுபெயர் இடுவதும் அக்கால வழக்கே. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உறுதிப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு வாய்பாட்டில் இப்பெயர்கள் இருக்க இயலாது. வாய்பாடு இன்றைய வடிவத்தைப் பெற்றது பிற்பாண்டியர் காலத்தில் அல்லது அதற்குப் பின் என்று கொள்ளுதலே பொருந்தும். குடும்பத்தார் பழமைக்கு அடையாளமாகப் போற்றும் சொற்களே பழமையின் அளவைக் காட்டிக்கொடுத்து விடுகின்றன!

மற்றொரு செய்தி. அந்த ஊர்களின் வரலாறு நகரத்தார் வருகையோடு தொடங்குவதன்று. பிள்ளையார்பட்டிக் குடைவரை, மரபு சொல்லும் 707ஆம் ஆண்டினும் முற்பட்டது என்பது அங்குள்ள பழைய எழுத்தைக் கொண்டு அறிஞர் கூறும் கருத்து. அவ்வூரின் பழம்பெயர் மருதங்குடி. அங்கு உறையும் சிவன் இன்றும் மருதீசர். கோயிலைப் பிற்காலத்தில் ஏற்றுப் புதுக்கியவர்கள் நகரத்தார். மலையைக் குடைந்தவர்கள் அவர்கள் அல்லர்.

கல்வெட்டில் ‘நகரத்தார்’ என்ற சொல்லைக் கண்டதும் மகிழ்வோர்க்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் நகரம் என்பது வணிகர் ஊரின் சபை. நகரத்தார் என்பது அச்சபையினர். ஊரார், சபையார், நாட்டார் என்பன போல அது ஒரு பொதுப்பெயர். தஞ்சை மாவட்டத்துக் கல்வெட்டு ஒன்றில் நகரத்தார் என்றிருப்பின் அவர் காரைக்குடிச் செட்டியாரின் பாட்டனார் ஆகிவிட மாட்டார்.

உறுதியான தரை எங்கே கிடைக்கிறது? பழநியில். 17ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அறப்பட்டயங்கள், செட்டிநாட்டு வணிகர் பழநிக்கு உப்புப் பொதி கொண்டுபோய் விற்றதையும், ஆதாயத்தில் ஒரு பகுதியை முருகனுக்கு ஒதுக்கியதையும், அங்கே மடமும் பூசையும் ஏற்படுத்தியதையும் கூறுகின்றன. கோயில், ஊர், ஆள் என்ற மூன்றும் சேர்ந்து வரும் ஆவணங்கள் இவை. கடல் கடந்த வட்டித்தொழிலுக்கு முன், மாட்டின் முதுகில் உப்பேற்றிக் காட்டு வழி நடந்தவர்களாகவே நகரத்தார் வரலாற்றில் தெளிவாகத் தோன்றுகின்றனர். அரண்மனை போன்ற வீடுகளைக் கண்டு வியப்போர் இந்த உப்புப் பொதியை மறத்தல் ஆகாது.

புள்ளியும் வீடும்

திருமணமான ஆண்மகன், மனைவியோடு சேர்ந்து ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. மணமாகாத இளைஞன் எவ்வளவு ஈட்டினாலும் புள்ளியல்லன். கோயிற் செலவுக்கு வரி விதிப்பதும், ஊர்ப் பொதுக்காரியத்துக்குப் பங்கு பிரிப்பதும் புள்ளியைக் கொண்டே. திருமணத்தின்போது மணமகன் கோயிலிலிருந்தும் மணமகள் கோயிலிலிருந்தும் மாலை வரவேண்டும். கோயில் மாலை வாங்குவது என்றால் கோயிலில் பதிவு செய்வது என்றே பொருள். மாலை இல்லையேல் புள்ளி இல்லை. புள்ளி இல்லையேல் நகரத்தார் கணக்கில் அக்குடும்பம் இல்லை. அரசாங்கம் பிறப்பு இறப்புகளைப் பதியத் தொடங்கும் முன்பே இக்கிராமங்களில் ஒரு சமூகம் தன்னைத் தானே எண்ணி வைத்துக்கொண்டிருந்தது.

பெண்ணின் பெயரைக் குடிவழிப் பட்டியல்கள் பெரும்பாலும் விட்டுவிடும். அதற்கு ஈடு செய்வது இசைகுடிமானம் எனப்படும் திருமண உடன்படிக்கை. இரு வீட்டாரின் கோயில், ஊர், பெயர் ஆகியவற்றோடு மணமக்கள் பெயரையும் அது தாங்கி நிற்கும். பிறந்த வீட்டார் கொடுத்த பித்தளை, வெண்கலப் பாத்திரங்களில் வெட்டிய எழுத்துகளும் ஒருவகைச் சான்றே. பட்டியலில் ‘இன்னார் மனைவி’ என்று மட்டும் இருப்பவள் எந்த ஊரிலிருந்து வந்தாள் என்பதை ஒரு குத்துப்போணி சொல்லிவிடுவதுண்டு.

செட்டிநாட்டு வீடு கல்லிலும் மரத்திலும் எழுதிய குடிவழி என்றால் மிகையன்று. முகப்பு, பட்டாலை கடந்து உள்ளே சென்றால் வளவு. திறந்த முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் உள்ளும் வெளியுமாக ஓர் இரட்டை வீடு, அதாவது இரண்டு அறை, உண்டு. சமையலும் வரவுசெலவும் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி. கூரையும் வாசலும் சுவாமி வீடும் பொது. வளவின் அறைகளை எண்ணினால் வீடு கட்டியவரின் ஆண்மக்கள் தொகையை ஒருவாறு கணிக்கலாம். நூறாண்டு கழிந்த இந்நாளில் ஓர் அறைக்குப் பத்துப் பதினைந்து பேர் உரிமை பெறுகின்றனர். ஒருவர் காரைக்குடியில், ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். இத்தகைய வீட்டை விற்கவும் பழுது பார்க்கவும் அனைவர் கையெழுத்தும் தேவை. பூட்டிய கதவுகள் பல பூட்டியே கிடப்பதற்குக் குடிவழியின் இப்பெருக்கமும் ஒரு காரணம்.

விலாசம் என்னும் முடிச்சு

குடிவழி தேடுவார்க்கு மிகப் பயன்படுவதும் மிக ஏமாற்றுவதும் விலாசமே. ஈண்டு விலாசம் என்பது முகவரியன்று. தலைமுறைப் பெயர்களின் முதலெழுத்துக் கோவை. கானாடுகாத்தான் அரசர் அண்ணாமலை செட்டியாரின் (1881–1948) முழுப்பெயர் சாத்தப்ப இராமநாத முத்தையா அண்ணாமலை. நான்கு தலைமுறை அப்பெயரில் அடங்கிவிட்டது. பழநியப்பன் ‘பழ.’ ஆவார், அருணாசலம் ‘அரு.’, இராமநாதன் ‘ராம.’, லெட்சுமணன் ‘லெ.’ ஆவார். ஓரெழுத்து மட்டும் இட்டால் அண்ணாமலையும் அழகப்பனும் அருணாசலமும் ஒன்றாகிவிடுவர் என்பதால் வணிகர் கண்ட வழி இது. மாவட்டந்தோறும் நூல் எழுதிய நெற்குப்பைச் சோமலெ (1921–1986) தம் முன்னெழுத்தையும் பெயரெழுத்தையும் சேர்த்தே புனைபெயராக்கிக் கொண்டார். மேலைச்சிவபுரி வ. சுப. மாணிக்கனாரின் ‘சுப’ தந்தை சுப்பிரமணியனைக் குறிப்பது. அப்பேராசிரியர் இளமையில் இரங்கூனில் வட்டிக்கடைப் பையனாக வேலை பார்த்தவர் என்பதையும், முதலாளிக்காகப் பொய் சொல்ல மறுத்து வெளியேறியவர் என்பதையும் தமிழாசிரியர் பலர் அறிவர்.

ஏமாற்றம் எங்கே? மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயரை இடுவது வழக்கம். ஆகவே முத்தையா மகன் அண்ணாமலை, அண்ணாமலை மகன் முத்தையா என்று பெயர்கள் ஊஞ்சல் போல் ஆடிக்கொண்டிருக்கும். கானாடுகாத்தான் குடும்பமே இதற்கு எடுத்துக்காட்டு: தந்தை முத்தையா, மகன் அண்ணாமலை, அவர் மூத்த மகன் மீண்டும் முத்தையா (1905–1984). நீதிமன்ற ஆவணங்களில் ஆண்டைக் கவனியாமல் பெயரை மட்டும் எடுத்தெழுதுவோர், பாட்டனையும் பேரனையும் ஒருவராக்கி விடுவர். வீட்டிலோ மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லமாட்டாள். பேரனுக்கு வேறொரு செல்லப்பெயர் வந்து சேரும். அச்செல்லப்பெயரே கடிதங்களில் நிற்கும்.

அடுத்த இடர் பிள்ளை கூட்டுதல். ஆண் மகவு இல்லாதார், கோயில் பார்த்து, கூடுமானவரை நெருங்கிய பங்காளி வீட்டிலிருந்து மகனைக் கூட்டிக்கொள்வர். மஞ்சள் நீர்ச் சடங்கு முடிந்ததும் பிள்ளையின் ஊர், பெற்றோர், விலாசம் யாவும் மாறும். பல சமயம் பெயரும் மாறும். சிறுகூடற்பட்டியில் சாத்தப்பன், விசாலாட்சி தம்பதிக்குப் பிறந்த முத்தையா, காரைக்குடிக்குப் பிள்ளை வந்தபோது நாராயணன் ஆனார். உலகம் அவரைக் கண்ணதாசன் (1927–1981) என்று அறியும். அவரே தம் வரலாற்றை எழுதி வைத்ததால் இம்மாற்றம் தெரிகிறது. எழுதி வைக்காத ஆயிரக்கணக்கானோர் குடிவழியில், உரிமை ஒரு கிளையிலும் குருதி மற்றொரு கிளையிலுமாக ஓடுவதை இன்று யார் பிரித்தறிவது? குலம் தூயது என்று பெருமை பேசுவோர்க்கு, 1,502 சிறுவர் வேளாளப் பெண்களை மணந்தனர் என்ற அவர்தம் மரபுக் கதையும், இப்பிள்ளை கூட்டும் வழக்கமும் ஒருங்கே விடை சொல்கின்றன.

கடல் கடந்த கிளைகள்

‘கொண்டுவிக்கப் போதல்’ என்பது வெளிநாட்டுக்குத் தொழிலுக்குச் செல்வதற்குச் செட்டிநாட்டு வழக்கு. பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாக உயர்ந்து, ஏஜெண்டாக ஆவது படிமுறை. மூன்றாண்டுக்கு ஒரு கணக்கு. புறப்படும் முன் எழுதும் சம்பளச் சீட்டில் முதலாளியின் விலாசம், ஆளின் பெயர், ஊர், காலம், சம்பளம் யாவும் குறிக்கப்படும். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த முன்னோரைத் தேடுவோர்க்கு இச்சீட்டுகளைப் போன்ற சான்று வேறில்லை. சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் ஒரே கூடத்தில் பல விலாசத்தார் ஆளுக்கொரு பெட்டியோடு அமர்ந்து தொழில் செய்தனர். அக்கிட்டங்கிகள் நகரப் புனரமைப்பில் மறைந்தன. டேங்க் ரோட்டில் 1859இல் அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் நிற்கிறது.

மலாக்காச் செட்டிகளை நகரத்தாரோடு சேர்த்து எழுதும் பிழை இன்னும் ஓயவில்லை. மலாக்காச் செட்டிகள் சுல்தான்கள் காலத்திலேயே வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து, மலாய் மொழி பேசும் தனிச் சமூகமானவர்கள். நகரத்தார் இந்நாடுகளில் பெருகியது 19ஆம் நூற்றாண்டில். பெயரில் செட்டி என்றிருப்பது கொண்டு ஒன்பது கோயிலில் இவர்க்கு இடம் தேடுதல் வீண்வேலை.

மற்றொரு சாரார் உளர். அவர்களைப் பற்றிப் பட்டியல்கள் பேசுவதில்லை. மனைவியை ஊரில் விட்டு வந்த ஆடவர் சிலர்க்குப் பர்மாவிலும் மலாயாவிலும் வேற்றினப் பெண்களிடம் பிள்ளைகள் பிறந்தனர். கோயில் மாலை பெறாத மணத்தில் பிறந்தவர் புள்ளியில் சேரார். தந்தை யார் என்பது வீட்டில் தெரியும், ஊரில் தெரியும். ஏட்டில் மட்டும் இராது. இவர்தம் பேரன் பேத்திகள் இன்று விசாரிக்க வரும்போது புள்ளிக் கணக்கு வாய் திறவாது. ஏட்டில் இல்லாதவர் பிறக்காதவர் அல்லர். அவர்களைத் தேடுவோர் சம்பளச் சீட்டையும், கப்பற் பயணக் கடிதத்தையும், சொத்து வழக்குகளையும் நாடவேண்டும். முதியோர் வாய்மொழியையும் விடலாகாது.

பர்மாவே செட்டிநாட்டின் ஏற்றத்துக்கும் வீழ்ச்சிக்கும் பெருங்காரணம். 1930இல் அங்கு ஏறத்தாழ 1,650 நகரத்தார் நிறுவனங்கள் இருந்தன என்று வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. விலை வீழ்ச்சியால் கடன் திரும்பாமல், கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் நாலிலொரு பங்கு நிலம் 1938க்குள் அவர்கள் கைக்கு வந்தது. பணமாகக் கேட்டவர்க்குச் சேறாகக் கிடைத்தது. 1942இல் ஜப்பானியர் நுழைந்தனர். 1948க்குப் பின் நிலங்கள் அரசுடைமையாயின. ஊரில் வீடு இருந்தது. வீட்டைத் தாங்கிய வருவாய் இல்லை. தேக்குத் தூண்களும் கதவு நிலைகளும் பிரிக்கப்பட்டுக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருட் கடைகளுக்கு வந்தன. வளவின் பாத்திரங்களும், விலாசம் வெட்டிய பெட்டிகளும், பெயர் எழுதிய புகைப்படங்களும் உடன் வந்தன. பெட்டி போனவிடத்தில் அதனுள் கிடந்த ஓலையும் கடிதமும் என்னாயின என்று கேட்போர் அரியர். 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளை இந்தியா யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியலில் பேசப்படுவது பெரும்பாலும் கட்டடம்.

காகிதத்தைக் காத்தவர் ஒருவர் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா, நூல்களோடு நில்லாமல் நாடக நோட்டீசு, திருமண அழைப்பிதழ், கடிதம் என்று பிறர் எறிந்தவற்றையெல்லாம் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. 1994 முதல் அது சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. செட்டிநாட்டு அழைப்பிதழ் ஒன்றில் இரு வீட்டாரின் ஊரும் விலாசமும் நாளும் அச்சாகியிருக்கும். வளவுகள் பூட்டிக் கிடக்கும் ஊர்களின் சம்பந்த வழிகளைத் தேடுவோர் கோட்டையூருக்குப் போகும் முன் சென்னைத் தரமணிக்குப் போக வேண்டியிருக்கிறது.